முகம் காட்டும் நாள்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரி வார்டில் ஒரு சின்னக் கூட்டம் வைத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் பிள்ளைகள் விடவில்லை. "அண்ணே, இத்தினி வருசத்துல மறக்க முடியாதது ஒண்ணு சொல்லுங்கண்ணே, ஜாலியா இருக்கணும்" என்றார்கள். ஜாலியாக எனக்கு எதுவும் வரவில்லை. கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து முழங்கால் வலிக்கு மருந்து வாங்க நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போனேன். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். வாசலில் ஒருவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். துண்டு முழுக்க ரத்தம். கவுண்ட்டரில் இருந்த புதுப் பையன் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "வடக்கா, கேம்ப்பா?" என்பது.

"இன்னாப்பா இது?" என்றேன்.

"புது ரூலுண்ணே. வடநாட்டுப் பார்ட்டி, அகதி கேம்ப்புப் பார்ட்டின்னா உள்ளூர் ஆளு ஒருத்தரு பொறுப்பு எடுத்துக்கினாத்தான் பெட்டு."

அன்று மருந்து வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். அந்த நர்ஸ் பிள்ளைகள் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஜாலியாக இருக்காது.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. அப்பா பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குக் காண்ட்ராக்ட் கூலியாகப் போய் வந்தவர். கடைசி வரை பெர்மனென்ட் ஆகவில்லை. நான் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்து, ஸ்ட்ரெச்சர் தள்ளி, பிறகு எலும்பு வார்டில் உதவியாளனாக நின்றேன். அங்கே எனக்கு வேலை கற்றுக் கொடுத்தது வார்டுப் பொறுப்பில் இருந்த ரெஜினா சிஸ்டர்.

சிஸ்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் வார்டுக்குள் வந்ததும் கேஸ் தாளைப் பார்க்கமாட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பார். தொடை எலும்பு முறிந்தவர்களுக்கு அப்போது டிராக்ஷன் போடுவோம். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே ஏற்றி, அதிலிருந்து கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் உள்ள சக்கரத்தின் மேல் விட்டு, நுனியில் எடை தொங்கவிடுவது. உடைந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாமல் அந்த எடை இழுத்துப் பிடிக்கும். எங்கள் வார்டில் எடை என்பது சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் யாரோ வெட்டிக் கொடுத்த இரும்புத் துண்டுகள். எடை தரையைத் தொடக்கூடாது, கட்டில் சட்டத்தில் சாயக்கூடாது. கால்மாட்டைக் கட்டை வைத்து உயர்த்தியிருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் எடையைக் கையால் தூக்கக்கூடாது. சிஸ்டர் கயிற்றை ஒரு விரலால் சுண்டிப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் திட்டமாட்டார். நான் வந்து சரிசெய்யும் வரை அங்கேயே நிற்பார். சாதாரணமாக என்னை "மாணிக்கம்" என்பவர், கோபம் வந்தால் மட்டும் "மாணிக்கம்ண்ணே" என்பார். அந்த "ண்ணே" கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

டிராக்ஷன் எல்லாம் இப்போது குறைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்துச் சீக்கிரமே நடக்கவிட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்தவர்களின் முதுகைத் துடைத்தவன் நான்.

ஒருமுறை கட்டட வேலை செய்யும் இடத்திலிருந்து ஜார்க்கண்ட்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கை நசுங்கியிருந்தது. அவர் அழுதுகொண்டே நிறையப் பேசினார். கூட வந்த சூப்பர்வைசர் நம் ஊர்க்காரர்தான். டாக்டர் "என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்குதுன்றான்" என்றார் சூப்பர்வைசர்.

அவ்வளவு நீளமாக ஒருவன் அழுதால் அதற்கு "நல்லா இருக்குது" என்றா அர்த்தம்? சிஸ்டர் என்னைப் பார்த்தார். "மாணிக்கம்ண்ணே, எதிர்ல பானிபூரி வண்டிக்காரர் இருக்காரில்ல, அவரைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க."

நான் போய்க் கூப்பிட்டதும் அந்த ஆள் பயந்துவிட்டார். "சார், நம்ம பூரி சுத்தம் சார், தண்ணி கேன் தண்ணி சார்" என்று கையைக் கழுவிக் கழுவிக் காட்டினார். உள்ளே வந்து அந்த ஜார்க்கண்ட்காரரிடம் பேசிவிட்டு, "சிஸ்டர், இவருக்கு ரெண்டு நாள் காய்ச்சல். படுக்கறேன் சொன்னாரு. படுத்தா ரூம்ல இருந்து வெளிய போ சொல்லிட்டாங்க. மயக்கம் வந்துச்சு, கை மிசின்ல போயிருச்சு" என்றார். திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசரைக் காணோம். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருவனுடைய வாயையே இன்னொருவன் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன். பிறகு பல தடவை பார்த்தேன்.

என் மனசிலிருந்து இறங்காத கேஸ் அது அல்ல. யோகராசாவுடையது.

வடக்குத்தில் புதிதாகக் கட்டிய ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். பலகை கட்டியிருந்த கயிறு விட்டுப்போய்க் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்த பெயிண்டிங் காண்ட்ராக்டர், "நம்மூரு ஆளுதான் சிஸ்டர், பேரு ராஜா" என்று சொல்லிச் சேர்த்துவிட்டுப் போனார். பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

காயம் அழுக்காக இருந்தது, சர்க்கரையும் அதிகம். காயம் ஆறினால்தான் ஆபரேஷன், அதுவரை டிராக்ஷன் என்றார் டாக்டர். ராஜா எங்களோடு எங்கள் பேச்சையே பேசினார். "இன்னாண்ணே, ரொம்ப நாளாவுமா? பொங்கலுக்கு மின்னாடி ஏணி ஏறிடுவனா?" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு டாக்டர் கம்பியை எலும்பில் ஏற்றினார். ஊசி போட்டாலும் எலும்பின் மேல்தோலில் வலி இருக்கும். நான் அவர் தோளைப் பிடித்திருந்தேன். அப்போது அவர் வாயிலிருந்து வேறு தமிழ் வந்தது.

"ஐயோ அம்மா, கொஞ்சம் பொறுங்கோ… ஏலாதண்ணை, ஏலாது!"

கம்பி ஏறி முடிந்ததும் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியைவிட, வாய் தவறி வந்த அந்தப் பேச்சுதான் அவரைச் சுருட்டிப் போட்டது போல இருந்தது. சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்பது போல, "எந்தக் கேம்ப்?" என்றார்.

சொன்னார். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். சொந்தப் பெயர் யோகராசா.

"ஏன் மறைச்சீங்க?"

"வெளிய வேல செய்யுற எடத்துல கேம்ப்புன்னு சொன்னா, அந்தத் தெருவுல எது காணாப் போனாலும் மொதல்ல எங்களத்தான் கூப்புடுவாங்க சிஸ்டர். அதான் காண்ட்ராக்டரே இப்பிடிச் சொல்லச் சொல்லுவாரு. பழகிடுச்சி."

சின்னப் பிள்ளையாக அம்மா இடுப்பில் இருந்து படகில் வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால், "வாந்தி எடுத்தது மட்டுந்தான் ஞாபகம்" என்பார். வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை வருஷமாக அதே கேம்ப், அதே வரிசை வீடு. மனைவி வசந்தமலரும் அங்கே வளர்ந்தவர்தான். துசாந்தினி என்ற மகள் அங்கேயே பிறந்தவள். அவருடைய வயசான அம்மாவும் கூட இருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் கலியமூர்த்தி என்று கம்மாபுரம் பக்கத்துக்காரர் கிடந்தார். கணுக்கால் முறிவு. நிலம் சுரங்கத்துக்குப் போய், வேலை வரும் வரும் என்று காத்திருந்தே தலை நரைத்தவர். கேம்ப் என்று தெரிந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்களுக்கு இன்னாப்பா குற? அரிசி ஓசி, வூடு ஓசி, கரண்டு ஓசி. மாசம் பொறந்தா காசு. நாங்க நெலத்தக் குடுத்துட்டு நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறோம்."

யோகராசா மல்லாந்தபடியே சொன்னார்: "சரிண்ணே, மாத்திக்கலாம். எங்க வூடு பத்தடிக்குப் பத்தடி. மழ பேஞ்சா உள்ள ஒரு கொளம் ப்ரீ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளிய நின்னா எங்க போறன்னு கேக்க ஒரு போலீசும் ப்ரீ. எடுத்துக்கங்க. நீங்க நெலத்துக்குக் கேக்கற வேலய எனக்குக் குடுங்க."

வார்டே சிரித்தது. கலியமூர்த்தியும் சிரித்துவிட்டார். "வாய் மட்டும் நல்லாக் கீதுடா ஒனக்கு" என்றார். மறுநாளிலிருந்து அவர் வீட்டிலிருந்து வரும் குழம்பில் பாதி யோகராசா தட்டுக்குப் போனது.

கயிறு சரியாக இழுத்துக்கொண்டிருந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு ஏறக்குறைய நேராக வந்திருந்தது. காயமும் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. டாக்டருக்கு மகிழ்ச்சி. "இப்படியே அசையாம கிடந்தா காலைக் காப்பாத்திடலாம். நீ பழையபடி ஏணி ஏறலாம்" என்றார்.

அப்போதுதான் வசந்தமலர் ஒருநாள் மத்தியானம் வேர்த்துக் கொட்ட ஓடி வந்தார்.

"அண்ணா, நாளைக்கு முகம் காட்டுற நாள். இவர் வந்தே ஆகோணுமாம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அந்தக் கேம்ப்பில் மாதாமாதம் அதிகாரிகள் கணக்கெடுக்க வருவார்கள். ஒவ்வொரு குடும்பமும் முழுசாக வரிசையில் வந்து நிற்க வேண்டும். அட்டையில் உள்ள படத்தோடு முகத்தை ஒத்துப் பார்ப்பார்கள். பிள்ளை பெறும் நிலையில் இருந்தாலும், காய்ச்சலில் இருந்தாலும் வர வேண்டும். வராதவர் ஓடிப் போனவர் என்று எழுதுவார்கள். அப்புறம் பணம், அரிசி எல்லாம் நின்றுவிடும். ஓடிப் போனவர் எங்கே என்று வீட்டில் உள்ளவர்களைத் துருவித் துருவிக் கேட்பார்கள். வெட்டிய பெயரைத் திருப்பி எழுத மெட்ராஸ் வரை போக வேண்டும்.

"டாக்டர் லெட்டர் குடுத்திருக்காரில்ல?" என்றார் சிஸ்டர்.

"காட்டினனான் சிஸ்டர். லெட்டரை வச்சு நாங்க என்ன செய்யிறது, ஆளக் கொண்டா எண்டு சொல்லிப்போட்டார்."

சிஸ்டர் அந்த அதிகாரியின் நம்பரை வாங்கிப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"சார், பேஷன்ட் டிராக்ஷன்ல இருக்கார். அசைக்கவே கூடாது. நீங்க யாரையாவது அனுப்பிப் பார்த்துக்கலாமே? கட்டில்லதான் கிடக்கார்."

"எங்களுக்கு நூத்துக்கணக்குல குடும்பம் இருக்குங்கம்மா. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் எண்ண முடியுங்களா? போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் லெட்டர் குடுத்தான். விசாரிச்சா ஆளு படகேறிப் பூட்டான். மேல இருந்து என்னையத்தான கேக்கறாங்க?"

"வீடியோ கால்ல காட்டட்டுமா சார்?"

"ஆள் வரணும்மா." போனை வைத்துவிட்டார்.

டாக்டர் வந்து ஒரே வார்த்தையில் முடியாது என்றார். யோகராசா அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்த்துவிட்டு, எங்கள் தமிழையும் அவர் தமிழையும் கலந்து பேசினார்.

"டாக்டர், காலு போனா நான் ஒருத்தன் நொண்டி. பேரு போனா வூட்டுல எல்லாருமே கள்ளர். என்ர மச்சான் சென்னைல வேலைக்கு நிண்டவன், ஒரு முறை வரேல்ல. பேர வெட்டினாங்க. திருப்பி எழுதறதுக்குள்ள அவன்ர தாய் செத்திட்டா. போலீசு கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லியே செத்தா. நான் போறன். நீங்க அனுப்பாட்டி கயித்த நானே அவுத்துப்போட்டுப் போவன்."

டாக்டர் எழுந்து போய்விட்டார். சிஸ்டர் அவர் பின்னாலேயே போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தார். திரும்பி வந்து, "மாணிக்கம்ண்ணே, தாமஸ் ஸ்ப்ளிண்ட் எடுங்க" என்றார். அந்த "ண்ணே" எனக்கானது அல்ல என்று தெரிந்தும் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

தாமஸ் ஸ்ப்ளிண்ட் என்பது தொடை அடியில் மாட்டும் ஒரு வளையமும், அதிலிருந்து இரண்டு பக்கமும் காலுக்கு வெளியே நீளும் கம்பிகளும் கொண்ட சட்டம். ஓடும் வண்டியில் எடையைத் தொங்கவிட முடியாது. அதனால் மறுநாள் காலை எடையை எடுக்கும் முன்பே சட்டத்தை மாட்டினோம். கம்பிகளுக்கு இடையே துணிப்பட்டைகளைத் தொட்டில் போலக் கட்டி அதில் காலைக் கிடத்தினோம். எலும்பில் ஏறிய கம்பியிலிருந்து கயிற்றைச் சட்டத்தின் நுனியில் இறுக்கிக் கட்டி, கயிற்றுக்குள் ஒரு சின்ன மரக்குச்சியைச் செருகி முறுக்கினேன். முறுக்க முறுக்க இழுப்பு ஏறும். சிஸ்டர் விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, "போதும்" என்ற பிறகுதான் எடைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கலியமூர்த்தி தன் தலையணையை உருவி நீட்டினார். "முட்டிக்கு அடியில வையி. எனக்கு எதுக்கு?" என்றார்.

ஆஸ்பத்திரி வேன் ஓட்டிய ஏழுமலை என் மச்சான் முறை. "மாமா, முட்ட லோடு ஏத்திக்கினு போற மாதிரி போறேன், பாத்துக்க" என்றான். அப்படியேதான் ஓட்டினான். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். நான் யோகராசாவின் குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேம்ப் வரை கயிறு தளரவில்லை.

கேம்ப்புக்குள் வேன் போக வழியில்லை. முன்னால் சாக்கடைக் கால்வாய், அதன் மேல் ஒற்றைக் கல். அந்தப் பக்கம் வேப்பமரத்து நிழலில் மேசை. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அந்த அதிகாரி. அவர் முன்னால் ஆண், பெண், கிழம், குழந்தை எல்லாம் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள். ஒரு பெண் கையில் சலைன் ஊசி குத்திய பிளாஸ்டருடன் நின்றார்.

நான் அதிகாரியிடம் போனேன். என் வாழ்க்கையில் நானாக ஒரு அதிகாரி முன்னால் போய் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சார், கேஸ் வேன்ல இருக்குது. நீங்க ரோட்டு வரைக்கும் வந்து ஒரு பார்வ பாத்துட்டீங்கன்னா…"

"நீ யாருப்பா?"

"ஆஸ்பத்திரி ஆளுங்க சார். எலும்பு வார்டு."

"அப்ப ஆஸ்பத்திரி வேலயப் பாரு. அவங்க வரிச எப்ப வருதோ அப்பக் கொண்டா."

"சார், கால அசைக்கக் கூடாதுங்க. இப்பத்தான் எலும்பு நேரா வந்துகினு இருக்குது. கால்வாயத் தாண்டித் தூக்கினா ஒதறும். தயவு பண்ணி…"

"ஒருத்தனுக்காக நான் எழுந்து வந்தா அடுத்த மாசம் எல்லாரும் வூட்டுலயே படுத்துக்கினு என்னயக் கூப்புடுவானுங்க. தள்ளி நில்லுப்பா, காத்து வரட்டும்."

நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை அன்று. திரும்பத் திரும்பக் கேட்டேன். கையைக் கூப்பினேன். கொஞ்சம் சத்தமாகவும் கேட்டேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என் தோளில் கை வைத்தார். தள்ளவில்லை, கையை வைத்தபடி நின்றார். வரிசையில் முன்னால் நின்றவர்கள், "அவையள் முதல்ல போகட்டும் ஐயா, நாங்க நிக்கிறம்" என்று ஒதுங்கி வழி விட்டார்கள். அதற்கும் அதிகாரி சம்மதிக்கவில்லை. வீட்டு எண் வரிசை குழம்பிவிடுமாம்.

வேன் தகரம் வெயிலில் கொதித்தது. ஏழுமலை கதவுகளைத் திறந்துவைத்து அட்டையால் விசிறினான். ரோட்டில் லாரி போகும் போதெல்லாம் மண் புழுதி வந்து கட்டின் மேல் படிந்தது. யோகராசாவின் அம்மா கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றபடியே மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையை விட்டு வர அவருக்குப் பயம். பார்த்தால் தெரிகிற தூரம்தான். மேசையில் இருந்தவருக்கும் அதே தூரம்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாரே தவிர, தலையைத் திருப்பவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் முறை வந்தது. கேம்ப் ஆட்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்கள். நான் சட்டத்தைப் பிடித்தேன். ஒற்றைக் கல்லில் இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாது. ஒருவர் கால்வாய்க்குள்ளேயே இறங்கி, சாக்கடைத் தண்ணீரில் நின்று தோள் கொடுத்தார். அப்படியும் அந்தப் பக்கம் ஏறும்போது ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. குச்சி விடுபட்டு முறுக்கு சரசரவென்று கழன்றது. யோகராசா கத்தினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டார்.

மேசை முன்னால் கொண்டுபோய் வைத்தோம்.

அதிகாரி குனியவில்லை. "தலையத் தூக்கச் சொல்லு" என்றார். நான் கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். டிக் போட்டார்.

"இதுக்குப் போயா ஆம்புலன்சு? ஆட்டோல வந்திருக்கலாமே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, மேலிடத்து நெருக்கடி, அவருக்கும் குடும்பம் இருக்கும் என்றெல்லாம் பிறகு பல பேர் எனக்குச் சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு அது வேண்டியதில்லை. ஒரு மனிதன் ஓடிப் போகவில்லை என்று நிரூபிக்க, ஓட முடியாத காலோடு அவனைத் தூக்கி வரச் சொல்கிற வேலையை எவன் கண்டுபிடித்தான் என்பதுதான் எனக்கு வேண்டும். ஆடு மாடு வாங்குகிறவன்கூடத் தொழுவத்துக்குத் தானே நடந்து போய்ப் பார்க்கிறான். ஒரு ஆளைக் கம்பிக்குள் அடைத்து வைத்தால்தான் ஜெயில் என்றில்லை. நின்ற இடத்தை விட்டு அசைந்தாயா என்று மாதாமாதம் முகத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு வேறு என்ன பெயர்? அதையும் நம் வரிப் பணத்தில், நம் பேரைச் சொல்லிச் செய்கிறார்கள். கேட்டால், அவர்களுக்கு எல்லாம் ஓசி என்கிறோம்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கயிற்றைத் திரும்ப முறுக்கினேன். ஆனால் உள்ளே எலும்பு ஏறிவிட்டது என்று அவர் கால் குட்டையாகத் தெரிந்ததிலிருந்தே புரிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டர் கட்டைப் பிரித்தார். சில நாளில் காயத்தில் சீழ் வைத்தது. கம்பி ஏறிய இடமும் தளர்ந்துவிட்டது. ஆபரேஷன் பேச்சே போயிற்று. சீழ் வற்றி எலும்பு கூடுவதற்குள் பல மாதம் ஆனது. கூடியபோது ஒரு கால் குட்டை. ஏணி ஏற முடியாது, பலகையில் நிற்க முடியாது. சிஸ்டர் கலெக்டர் வரைக்கும் எழுதினார். பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. கலியமூர்த்தி வீட்டுக்குப் போகும் நாளில் யோகராசாவின் கட்டில் பக்கம் வந்து நின்றார். "எனக்கு நெலந்தாண்டா போச்சி" என்றார்.

வசந்தமலர் காடாம்புலியூர் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். முந்திரி ஓட்டின் அரிக்கும் பால் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். யோகராசா கேம்ப் வாசலில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறார், அதை உட்கார்ந்தபடியே செய்யலாம். ஒரு கால் செருப்புக்கு மட்டும் டயர் துண்டை வெட்டி அடியில் தைத்து உயரமாக்கியிருக்கிறார். முகம் காட்டும் நாளில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்.

துசாந்தினியைக் கேம்ப்பிலேயே ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது எங்கள் ஆஸ்பத்திரியில்தான், நான் ஓய்வு பெற்ற பிறகு. பொறுப்பு எடுத்துக்கொள்ள உள்ளூர் ஆள் கேட்டார்கள். நான் போய் நின்றேன். முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு என்னையும் என் வீட்டுக்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுப்பிலிருந்து பொங்கல் பாதி வெந்தபடி இறக்கி வைத்திருந்தது. கணக்கெடுப்பை இந்த மாதம் முன்னால் நகர்த்திவிட்டார்களாம். எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். இப்போது வந்திருந்த அதிகாரி ஒரு இளம் பெண். மரியாதையாகத்தான் பேசினார். "வாங்கம்மா, குழந்தையப் புதுசா ஏத்தணும் இல்லையா, போட்டோ எடுத்துக்கலாம்" என்று போனை உயர்த்தினார்.

குழந்தை குளிப்பாட்டி, மை வைத்து, புதுச் சட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கண் தெறந்திருக்கணுமேம்மா. கண் மூடியிருந்தா சிஸ்டம் எடுத்துக்காது. கொஞ்சம் எழுப்புங்க."

துசாந்தினி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். எழவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவள் குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்து விரலால் சுண்டினாள். அதற்கும் எழவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினாள்.

பண்ருட்டியும் நெய்வேலியும் தவிர வேறு மண்ணைப் பார்த்திராத பெண் பெற்ற பிள்ளை அது. எங்கிருந்து தப்பி வந்தது? எங்கே ஓடப் போகிறது?

குழந்தை வீறிட்டு அழுதது. கண்ணைத் திறந்தது. "அப்படியே, அப்படியே, ஆட்டாதீங்க" என்று அந்த அதிகாரி படம் எடுத்துக்கொண்டார்.

நான் காப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். யோகராசா கையால் என்னைத் தடுத்தார். "பொறுங்கோ அண்ணை" என்றார் மெதுவாக. "எங்கட வரிசை முடியட்டும். அதுக்கு முந்தி ஒருத்தரும் அசையக் கூடாது."